‘இரண்டே பாட்டிலில் முழுக் காரும்’ என்று விற்பவரிடம் வாங்கிவிடாதீர்கள்

கடந்த சித்திரையில், திருச்சி–தஞ்சாவூர் சாலையில் ஒரு பெட்ரோல் பங்க்கில் டயருக்குக் காற்றுப் பிடிக்க நின்றோம். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் இரண்டு ஸ்பிரே பாட்டில்களோடு ஓர் இளைஞர் வந்தார். “அக்கா, காசு வேண்டாம், பார்த்தால் மட்டும் போதும்” என்றார். நான் வாய் திறப்பதற்குள் இடது ஹெட்லைட்டின் பாதியில் பச்சை பாட்டிலைத் தெளித்துத் துடைத்துவிட்டார். பழுப்பேறிக் கிடந்த பிளாஸ்டிக்கில் துடைத்த பாதி மட்டும் புதுக் கண்ணாடிபோல் தெளிந்தது. வெளுத்துப்போன பம்பரில் வெள்ளை பாட்டிலால் ஒரு கோடு இழுத்தார். அது கன்னங்கரேலென்று ஆனது.

பச்சை அழுக்குக்கு, வெள்ளை மினுமினுப்புக்கு. பெயிண்ட், கண்ணாடி, சீட், டேஷ்போர்டு, டயர், பெடல் என எல்லாவற்றுக்கும் இவை இரண்டே போதும், தண்ணீர்கூடக் கலக்க வேண்டாம் என்றார். 3,200 ரூபாய் செட், அன்றைக்கு மட்டும் 1,750. கைப்பேசியிலேயே பணம் அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு, பணம் போன பதிவே ரசீதுதான் என்று சொல்லிவிட்டு அடுத்த காரை நோக்கி நடந்தார்.

அந்தக் கார் 2013இல் அப்பா ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் வாங்கியது. அடர் சிவப்பு. வாரம் தவறாமல் அவர்தான் துடைப்பார். மறுநாள் காலை பத்தரை மணிக்கு வாசலில் நிறுத்தி, ஆசை ஆசையாக உள்ளும் புறமும் இரண்டு பாட்டிலையும் பயன்படுத்தினார்.

மதியம் பார்த்தபோது பானெட்டில் தெளித்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். சொட்டு வழிந்து இறங்கிய தடம் அப்படியே காய்ந்து, விரலால் தடவினால் சொரசொரத்தது. ஜன்னல் ஓரத்து அலுமினியப் பட்டை சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கியிருந்தது. ஸ்பீடோமீட்டரை மூடியிருக்கும் பிளாஸ்டிக்கில் மயிரிழை போன்ற வெடிப்புகள். இரவில் முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று இன்றுவரை சரியாகத் தெரிவதில்லை.

ஆனால் நான் இதை எழுதுவதற்கு முதல் காரணம் பெயிண்ட் அல்ல, பிரேக் பெடல். அன்று மாலை மகளை டியூஷனிலிருந்து அழைத்து வரும்போது, பாலக்கரை அருகே பிரேக்கை அழுத்திய என் கால் பெடலிலிருந்து வழுக்கிவிட்டது. முன்னால் ஓர் ஆட்டோ, அதில் பள்ளிப் பிள்ளைகள். இரண்டாவது முறை அழுத்தி, ஒரு முழம் இடைவெளியில் நிறுத்தினேன். வீட்டுக்கு வந்து பெடலைத் தொட்டால் எண்ணெய் பூசியதுபோல் இருக்கிறது. ஸ்டீயரிங்கும் அப்படியே. அந்த வெள்ளை பாட்டிலில் இருந்தது சிலிக்கோன் பாலிஷ். டயரின் பக்கவாட்டுக்கும் பம்பருக்கும் பூசலாம். கையும் காலும் பிடிமானம் தேடும் இடத்தில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. பெடலுக்கும் நல்லது என்று வாய்கூசாமல் சொல்லி விற்ற அந்த மனிதரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மகள் பதினொன்றாம் வகுப்பு. பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரிடம் கேட்டு, பச்சை பாட்டிலில் இருந்ததை, அமிலமா காரமா என்று காட்டும் பிஹெச் தாளில் சோதித்துவிட்டு வந்தாள். தாள் கருநீலமாக மாறியிருந்தது. அட்டையோடு ஒப்பிட்டால் 12க்கும் 13க்கும் இடையே. சுத்தமான தண்ணீர் 7. கார் ஷாம்பூ பெரும்பாலும் அதை ஒட்டித்தான் இருக்க வேண்டும். இவ்வளவு கடுமையான காரம் அலுமினியத்தின் மேல்படலத்தையே கரைத்துவிடும். வெயிலில் சுட்டுக்கொண்டிருக்கும் பானெட்டில் அது காய்ந்தால் பெயிண்டையும் விட்டுவைக்காது. அப்பா வெறும் கையால்தான் துடைத்தார். விரல் நுனிகளில் தோல் உரிந்து நான்கு நாள் சோறு பிசைந்து சாப்பிட முடியாமல் ஸ்பூன் பிடித்தார்.

டிங்கர் பட்டறை அண்ணன் பானெட்டைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். பெயிண்டுக்கு மேலே இருக்கும் நிறமில்லாத காப்புப் பூச்சான கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான்தான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). ஒவ்வொரு முறை ரப்பிங் போடும்போதும் அதில் கொஞ்சம் தேய்ந்துபோகும், திரும்ப வளராது என்றார். பானெட்டுக்கும் கூரைக்கும் பாலிஷ் போட 4,500 ரூபாய் ஆனது. ஆழமாக இறங்கிய இரண்டு திட்டுகளை இனி தேய்க்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம். ஹெட்லைட் வித்தைக்கும் அவர்தான் விளக்கம் சொன்னார். ஹெட்லைட் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயில் பட்டு மேல்பூச்சு கெடுவதால்தான் மஞ்சளாகிறது. கரைப்பான் கலந்த திரவம் மேல்தோலை லேசாகக் கரைத்து மழமழப்பாக்கிவிடும், அவ்வளவுதான். ஒழுங்காகச் செய்வதென்றால் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளால் படிப்படியாகத் தேய்த்து, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சை மறுபடி பூச வேண்டும். ஐந்தாவது வாரத்தில் துடைத்த பாதி, துடைக்காத பாதியைவிட மஞ்சளாகிவிட்டது. பங்க்கில் நமக்குக் காட்டுவது அந்த முதல் ஐந்து நிமிடத்தை மட்டும்தான்.

பல வேலைக்கு உதவும் திரவமே கிடையாதா என்றால், உண்டு. ஆல் பர்ப்பஸ் கிளீனர் என்று நல்ல கடைகளில் விற்கிறார்கள். ஆனால் அதன் லேபிளில் எந்த இடத்துக்கு எவ்வளவு தண்ணீர் கலக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். இப்போது நாங்கள் வாங்கியிருப்பதில் டேஷ்போர்டு, கதவு உட்பக்கத்துக்கு ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர், டயருக்கு நான்கு பங்கு. தண்ணீரே கலக்க வேண்டாம், எல்லாவற்றுக்கும் ஒரே அளவு என்று ஒருவர் சொன்னால் அங்கேயே விலகிவிடுங்கள். வெளிப்புறப் பெயிண்டுக்குத் தனியாகக் கார் ஷாம்பூதான். பக்கெட் தண்ணீரில் சில மூடி போதும். உட்புறத்தில் துணியில் தெளித்துத் துடையுங்கள். ஸ்விட்ச், மீட்டர் மீது நேராகத் தெளிக்காதீர்கள். கண்ணாடிக்கு ஈரமான மைக்ரோஃபைபர் துணியும் பின்னாலேயே ஒரு உலர்ந்த துணியும் போதும். எதை வாங்கினாலும் முதலில் சீட்டுக்கு அடியில், கதவை மூடினால் மறையும் இடத்தில் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். எங்கள் பகுதி போர் தண்ணீர் உப்பு, அதனால் நிழலில் நிறுத்திக் கழுவி, காயவிடாமல் துடைத்துவிடுகிறோம். இதற்கெல்லாம் சேர்த்து ஆன செலவு அந்த 1,750ஐவிடக் குறைவு.

பாட்டிலைத் திருப்பிப் பார்க்காதது என் தவறு. உற்பத்தியாளர் பெயர், முகவரி, தயாரித்த மாதமும் ஆண்டும், நிகர அளவு, அதிகபட்ச விலை, புகார் செய்யத் தொடர்பு விவரம் இவையெல்லாம் பொட்டலப் பொருளில் இருந்தே ஆக வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள் சொல்கின்றன. எங்கள் பாட்டிலில் ஒரு வெளிநாட்டுக் கொடியும் பளபளக்கும் கார் படமும் ஒரு கைப்பேசி எண்ணும்தான். அந்த எண் மூன்றாம் நாளே அணைக்கப்பட்டுவிட்டது. பணம் போனது ஒரு தனிநபர் கணக்குக்கு. பங்க் மேலாளரோ, அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை என்று கைவிரித்துவிட்டார். தன் வளாகத்துக்குள் விற்க இடம் கொடுத்தவர் அப்படிச் சொல்லித் தப்பிக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய பொருளின் மதிப்பு ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். இதே பச்சை, வெள்ளை செட்டை வாங்கியவர்கள் யாராவது இருந்தால் பாட்டிலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மூடியை இறுக்கிப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். லேபிள், கறைகள், பணம் அனுப்பிய பதிவு எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று: பிரேக் பெடலைச் சோப்புத் தண்ணீரால் இரண்டு முறை கழுவித் துடைத்து, காய்ந்தபின் கையால் தடவிப் பார்த்துவிட்டுக் காரை எடுங்கள்.