டிக்கோயா ரோட்டில் ஒரு பின்னறை: ரெசிடென்சி இன்டர்வியூவுக்கு இடம் தேடும் டொக்டர்மாருக்கு

ஹட்டனில் டிக்கோயா பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, இறங்கின இடத்திலிருந்து ஐந்து நிமிஷம் படியேறினால் வருகிற இந்தத் தங்குமிடத்தில் 2023 டிசம்பரில் மூன்று தடவையாக மொத்தம் ஆறு இரவு இருந்தேன். சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்களும் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்க்க வருகிறவர்களும் எழுதின விமர்சனம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. நான் வந்த காரியம் வேறு. அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சிக்கு, அதாவது ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டே பெறுகிற பொது மருத்துவ மேற்பயிற்சிக்கு, விண்ணப்பித்திருந்தேன், இன்டர்வியூக்களை இந்த வீட்டின் பின்னறையில் உட்கார்ந்துதான் கொடுத்தேன். மலையகத்திலிருந்து இதே பாதையில் வருகிற தம்பி, தங்கச்சிமார் இப்போது கொஞ்சம் பேர் இருக்கிறீர்கள், உங்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கொவிட்டுக்குப் பிறகு பெரும்பாலான புரோகிராம்கள் இன்டர்வியூவை வீடியோவிலேயே வைக்கின்றன. விமான டிக்கெட் செலவு மிச்சம், அது நம்மைப் போன்றவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. ஆனால் அறை, மேசை, வெளிச்சம், அமைதி எல்லாம் நம் தலையில் வந்துவிட்டது. எங்கள் வீடு லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று, கூரை தகரம். மழை பிடித்தால் பக்கத்தில் இருக்கிற அம்மா பேசுவதே காதில் விழாது, மைக் வழியாக மறுபக்கத்துக்கு என்ன போகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் அக்டோபர் கடைசியில் வந்த முதல் இன்டர்வியூவுக்குக் கண்டியில் ஒரு இடத்தில் அறை எடுத்தேன், பெயர் வேண்டாம். வைஃபை பிரமாதம் என்று சொன்னார்கள். இரண்டாவது டொக்டர் என்னிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே படம் உறைந்து, நான் போன் டேட்டாவுக்கு மாறி, திரும்பி உள்ளே வர பதினொரு நிமிஷம் ஆனது. அவர் கோபப்படவில்லை, நல்ல மனிதர். ஆனால் அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னார், அந்த ஆஸ்பத்திரி எப்படிப்பட்டது, ஒன்றும் என் மண்டையில் ஏறவில்லை, திரும்பவும் அறுந்துவிடுமோ என்ற ஒரே நினைப்புதான். ஒரு இன்டர்வியூ நாள் முழுக்க ரவுட்டரின் பச்சை விளக்கைப் பார்த்தே போய்விட்டது. இடம் என்பது எவ்வளவு முக்கியம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்புறம் ஒரு நர்ஸ் அக்கா சொல்லி இங்கே வந்தேன். வந்ததும் வீட்டுக்கார அண்ணனிடம், மாலை ஆறரையிலிருந்து ராத்திரி பதினொரு மணி வரை இன்டர்நெட் ஒரு நொடிகூட நிற்கக்கூடாது என்று சொன்னேன். மனிதர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு நீண்ட நெட்வொர்க் வயரை எடுத்துவந்தார், ஹாலில் இருக்கிற ரவுட்டரிலிருந்து சுவரோரமாக இழுத்து, கதவிடுக்கு வழியாக என் மேசைக்கே கொண்டுவந்து செருகிவிட்டார். வைஃபையை நம்ப வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. வீட்டில் பேட்டரியோடு இன்வெர்ட்டர் இருக்கிறது, கரண்ட் போனால் ரவுட்டரும் பின்னறை விளக்கும் அதில் ஓடும்.

அதை ஒரே நாளில் சோதித்தும் பார்த்தாயிற்று. டிசம்பர் 9, சனிக்கிழமை மாலை நாடு முழுக்க கரண்ட் போனதே, கொத்மலை – பியகம மின்வழியில் வந்த கோளாறு, அன்றைக்கு நான் ஒத்திகை வைத்திருந்தேன். அமெரிக்காவில் ரெசிடென்டாக இருக்கிற எங்கள் சீனியர் அக்கா ஒருவர் டியூட்டிக்குப் போகும் முன் கேள்வி கேட்பதாகச் சொல்லியிருந்தார், இங்கே ஐந்து மணி, அவருக்குக் காலை ஆறரை. தொடங்கி கொஞ்ச நேரத்தில் கரண்ட் போயிருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. ஆறு மணிக்குப் பேசி முடித்துவிட்டு ஜன்னலைத் திறந்தால் எதிர்மலையில் லயத்து விளக்கு ஒன்றுகூட இல்லை, கோயில் விளக்கும் இல்லை. அன்றைக்கே மற்ற இரண்டு தேதிகளுக்கும் முன்பணம் கொடுத்துவிட்டேன்.

நேரக் கணக்கில் கவனமாக இருங்கள். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கிறார்கள். அதற்கு முன் நியூயோர்க் பக்கத்துக் காலை 8 மணி நமக்கு மாலை 5:30, அதற்குப் பின் 6:30. சிகாகோ பக்கம் என்றால் 7:30, கலிபோர்னியா என்றால் ராத்திரி 9:30. அறை கேட்கும்போது இலங்கை நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள், இந்த வீட்டுக்கார அக்கா அதைக் காலண்டரிலேயே குறித்து வைத்துக்கொள்கிறார்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. இன்டர்வியூவுக்கு முதல் நாள் மாலை அங்கே ரெசிடென்ட்களோடு ஒரு சந்திப்பு வைப்பார்கள், சும்மா பேசிப் பழகத்தான். அவர்களுக்கு மாலை 7 மணி என்றால் நமக்கு விடிகாலை 5:30. நான் நாலரைக்கு எழுந்து கதவைத் திறந்தபோது குசினியில் விளக்கு எரிந்தது. "தங்கச்சி, முகத்தைக் கழுவுங்க, தண்ணி சுட வச்சிருக்கேன்" என்றார் அக்கா. இஞ்சி தட்டிப்போட்ட பிளேன் டீயும் ஒரு துண்டு கருப்பட்டியும். டிசம்பர் குளிரில் வாய் திறந்தால் புகை வருகிற நேரத்தில் அந்தச் சூடு உள்ளே இறங்கின பிறகுதான் குரலே வந்தது. இந்தச் சேவைக்கு அவர் காசு வாங்கவில்லை, கேட்டும் வாங்கவில்லை.

அறையைப் பற்றி. ஆறு மணிக்கு இருட்டிவிடும், ஆகவே ஜன்னல் வெளிச்சத்தை நம்பிப் போகாதீர்கள். மேலே இருக்கிற ஒற்றை பல்ப் கண்ணுக்குக் கீழே நிழல் விழவைக்கிறது. அக்காவின் மகள் படிக்கிற மேசை விளக்கைக் கேட்டு வாங்கி, முன்னால் வெள்ளைக் கடதாசியை ஒட்டி, லெப்டொப்புக்குப் பின்னால் வைத்தேன், முகம் தெளிவாக வந்தது. பின்சுவர் வெறும் வெளிர்மஞ்சள், ஆணியில் தொங்கின காலண்டரைக் கழற்றிவிட்டோம். கெமராவைப் பார்த்துப் பேசு என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் கண் தானாகத் திரையில் இருக்கிற முகத்துக்குத்தான் போகும். கெமராவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவைத்தேன், சிவப்பு, சின்னது. பேசும்போது அந்தப் பொட்டைப் பார்த்தேன், அவர்கள் பேசும்போது அவர்களைப் பார்த்தேன். மூன்று இன்டர்வியூவுக்கும் அதே பொட்டுதான்.

கேள்விகள் நாம் பயப்படுகிற மாதிரி பாடப்புத்தகக் கேள்விகளாக இருக்கவில்லை. ஒருவர், நெருக்கடியான நேரத்தில் எடுத்த ஒரு முடிவைச் சொல் என்றார். ஒத்திகையில் தயார்பண்ணின பதில் ஒன்று இருந்தது, அழகான ஆங்கிலம், யாரும் சொல்லக்கூடியது. அன்றைக்கு அதை விட்டுவிட்டு, இன்டர்ன் காலத்தில் குளவி கொட்டினவர்களை ஒரே லொறியில் ஏற்றிக்கொண்டுவந்த நாளைச் சொன்னேன். ஒன்பது பேர், எல்லோரும் கொழுந்து பறிக்கிற பெண்கள், வாசலெல்லாம் அழுகைச் சத்தம். சத்தமே போடாமல் சுவரில் சாய்ந்து, கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார், நாடி கையில் சரியாகக் கிடைக்கவில்லை. அவரிடம்தான் முதலில் போனேன், தொடையில் அட்ரினலின் 0.5 மில்லிகிராம், காலைத் தூக்கிவைத்து, ஒக்சிஜன். அப்புறம்தான் மற்றவர்கள். கேட்டுக்கொண்டிருந்த டொக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார். குளவி ஏன் தேயிலைச் செடிக்குள் கூடு கட்டுகிறது, ஆஸ்பத்திரி மலையிலிருந்து எவ்வளவு தூரம், அந்த அம்மா திரும்ப வேலைக்குப் போனாரா என்றெல்லாம் அவர்தான் கேட்டார், கொடுத்த நேரம் முழுக்க அதிலேயே போனது. லயத்துப் பிள்ளை என்பதை மறைக்கத் தேவையில்லை, நீங்கள் பார்த்த வைத்தியத்தை அவர்களில் பலர் பார்த்ததில்லை.

ஆனால் இன்டர்வியூ நாளில் மிகவும் பயன்பட்டது, கேள்வி கேட்கிற டொக்டர்மார் இல்லாமல் ரெசிடென்ட்களோடு மட்டும் விடுகிற ஒரு மணி நேரம். நம்மில் நிறையப் பேர் அதில் கெமராவைப் போட்டுவிட்டு ஓய்வெடுக்கிறோம், அல்லது நல்ல பெயர் எடுக்கத் தலையாட்டிக்கொண்டிருக்கிறோம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மூன்று வருஷம் நீங்கள் வாழப்போகிற வாழ்க்கையை வாழ்கிறவர்கள் எதிரே இருக்கிறார்கள். வாரம் எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்டுப் பயனில்லை, நாலு வாரச் சராசரியில் 80 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்ற விதி எல்லா இடத்துக்கும் ஒன்றுதான், அதைத்தான் திருப்பிச் சொல்வார்கள். கடைசியாகக் கிடைத்த லீவு நாளில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு நோயாளி மோசமானால் யாரைக் கூப்பிடுவீர்கள், கூப்பிட்டால் அவர் என்ன சொல்வார் என்று கேட்டேன். ஒரு இடத்தில் மூன்று பேர் ஒரே நேரத்தில் பதில் சொல்லத் தொடங்கினார்கள், ஆளுக்கொரு ராத்திரிக் கதை, சிரிப்பு. இன்னொரு இடத்தில், பெயர் பெரிது, இதே கேள்விக்கு ஒரு நிமிஷம் யாரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒருவர், அது அன்றைக்கு யார் டியூட்டி என்பதைப் பொறுத்தது என்றார். அந்த ஒரு நிமிஷ அமைதியை எந்த இணையத்தளத்திலும் படித்திருக்க முடியாது. அது என் காதில் விழுந்ததற்குக் காரணம் இந்த அறை, கண்டி அறையில் இருந்திருந்தால் நெட் நின்றுவிட்டது என்று நினைத்திருப்பேன்.

விசா விஷயத்தை, ஜே-1 மட்டுமா எச்-1பி-யும் உண்டா என்பதை, முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு முடித்துவிடுங்கள், அதற்கு இந்த நேரத்தைச் செலவழிக்காதீர்கள். எச்-1பி வேண்டுமென்றால் அமெரிக்க மருத்துவ உரிமப் பரீட்சையின் கடைசிக் கட்டமான ஸ்டெப் 3 பாஸாகியிருக்க வேண்டும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

பதினொரு மணிக்கு லெப்டொப்பை மூடினதும் சாப்பிடப் போகாமல் 80 பக்கக் கொப்பியில் எழுதினேன், யார் என்ன சொன்னார்கள், எந்தக் கேள்விக்கு யார் முகம் மாறியது, என் மனசுக்கு என்ன பட்டது. அக்கா இரண்டு தடவை எட்டிப்பார்த்துவிட்டு ரொட்டியைத் திரும்பச் சூடாக்கப் போனார். பெப்ரவரியில், எந்த இடம் முதலில் வேண்டும், எது அடுத்தது என்று வரிசைப் பட்டியல் கொடுக்கும்போது எல்லா இடமும் ஒன்றுபோலக் குழம்பியிருந்தது, கொப்பிதான் காப்பாற்றியது. நம் பட்டியலையும் புரோகிராம்களின் பட்டியலையும் பொருத்தி இடம் கொடுக்கிற மேட்ச் கணக்கு விண்ணப்பிக்கிறவரின் விருப்பத்திலிருந்து தொடங்கி ஓடுகிறது, எனவே எங்கே கிடைக்கும் என்று ஊகித்து வரிசைப்படுத்துவதில் லாபமில்லை, உண்மையில் எதை விரும்புகிறீர்களோ அதை முதலில் போட வேண்டும். பெரிய பெயர் இருந்த இடத்தை மூன்றாவதாகப் போட்டேன், ராத்திரிக் கதை சொன்னவர்களை முதலாவதாக. 2024 மார்ச் 15-ல் அவர்களிடமே இடம் கிடைத்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். பின்னறையில் ஹீட்டர் கிடையாது, மேசைக்குக் கீழே கால் விறைத்துவிடும், கம்பளிக் காலுறையும் ஒரு சால்வையும் கொண்டுபோங்கள். குளிக்க வெந்நீர் வர நேரமெடுக்கிறது. முன்னறை வியூ அழகுதான், ஆனால் ராத்திரி எட்டு மணி வரை பஸ் ஹோர்ன் கேட்கும், இன்டர்வியூவுக்கு அது சரிவராது. பக்கத்து வீட்டு நாய் ஒன்று இருக்கிறது, ஒரு தடவை பேச்சுக்கு நடுவில் குரைத்தது, அண்ணன் ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வந்து வீட்டுக்குள் கட்டினார். மார்கழி பிறந்த பிறகு கோயில் ஒலிபெருக்கி ஐந்து மணிக்கே பாடத் தொடங்கிவிடும், விடிகாலைச் சந்திப்பு இருந்தால் ஜன்னலைச் சாத்தி ஹெட்போன் மைக்கில் பேசுங்கள். சாப்பாட்டில் குறை இல்லை, பருப்பும் கட்டச் சம்பலும் ரொட்டியும் ஒவ்வொரு இரவும் ஒன்றுபோல நன்றாக இருந்தன.

நான் கொடுத்தது காலைச் சாப்பாட்டோடு ஒரு இரவுக்கு 7,000 ரூபா. டிசம்பர் பௌர்ணமியான உந்துவப் போயாவோடு சிவனொளிபாதமலை சீசன் தொடங்கினால் அறை கிடைப்பது கஷ்டம், கூட்டமும் சத்தமும் கூடும், அதனால் இன்டர்வியூ அழைப்பு வந்த அன்றைக்கே பேசிவிடுங்கள். பின்னறைதான் வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். மெல்லிய லெப்டொப்களில் நெட்வொர்க் வயர் செருகுகிற துளை இருக்காது, அதற்கான அடப்டரை ஹட்டன் டவுனிலேயே வாங்கிக்கொண்டு ஏறுங்கள். மேசை விளக்கை அக்காவின் மகளிடம்தான் கேட்க வேண்டும், அவளுக்கு அடுத்த வருஷம் ஏ.எல். பரீட்சை, ஆறு மணிக்கு முன் கேட்டால் அவள் ஹாலுக்குப் போய்ப் படித்துக்கொள்வாள்.