சாண்டோரினியா, நாக்ஸோஸா: தம்பதியருக்கு எந்தத் தீவு?

கிரேக்கத்தின் சைக்ளேட்ஸ் தீவுகளில் அவசரமின்றிச் சில நாள்களைக் கழிக்க விரும்பும் தம்பதியர் பலர், இவ்விரண்டில் எதைத் தேர்வது என்றுதான் தயங்குகிறார்கள்.

காட்சி: ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த எரிமலை வெடிப்பு இன்றைய வடிவத்தைத் தந்த பெரும்பள்ளத்தின் விளிம்பில், ஃபிரா, இயா என்ற ஊர்கள் வெள்ளை வீடுகளோடு தொங்குவதுபோல் நிற்கும் சாண்டோரினிக்கு ஈடு இல்லை. நாக்ஸோஸில், கி.மு. 6ஆம் நூற்றாண்டில் தொடங்கி முற்றுப்பெறாமல் நின்ற கோயிலின் பளிங்கு வாயிலான போர்த்தாரா வழியே சூரிய அஸ்தமனத்தைக் காணலாம். நெரிசல் குறைவு என்பதால் எனக்கு இதுவே பிடிக்கும்.

செலவு: சாண்டோரினியில் பள்ளத்தை நோக்கிய அறைக்குக் கோடையில் பெருந்தொகை கேட்பார்கள். நாக்ஸோஸில் கடலோர அறையே வெகு மலிவு.

கடற்கரை: சாண்டோரினியின் பெரிஸ்ஸா, கமாரி கரைகளின் கருமணல் நண்பகலில் காலைச் சுடும். நாக்ஸோஸின் பிளாக்கா, அகியோஸ் புரோகோபியோஸ் கரைகளின் வெளிர்மணலில் நாள் முழுதும் கிடக்கலாம்.

உலா: ஃபிராவிலிருந்து இயாவுக்குச் செல்லும் சுமார் 10 கி.மீ. பாதையில் நிழல் அரிது. விடியற்காலையே புறப்பட வேண்டும். நாக்ஸோஸ் சைக்ளேட்ஸில் மிகப் பெரியது என்பதால், ஹல்கி, அபிராந்தோஸ் போன்ற மலைக்கிராமங்களுக்கு வாடகைக் கார் தேவைப்படும். அத்தீவின் பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும் தவறவிடக் கூடாதவை.

பயணம்: இரண்டுக்கும் விமான நிலையம் உண்டு, ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து கப்பலில் நாக்ஸோஸே அருகில்.

இரண்டு இரவுகளே இருந்து, காட்சிதான் முக்கியம் என்போர் மே மாதத்தில் சாண்டோரினிக்குச் செல்லலாம். ஒரு வாரம் ஓய்வு வேண்டுவோருக்கு நாக்ஸோஸே பொருந்தும்.