குதிகால் வலி: எக்ஸ்ரேயா, அல்ட்ராசவுண்டா?

குதிகால் வலிக்குப் பலரும் முதலில் எடுப்பது எக்ஸ்ரே. முறிவோ கட்டியோ இருக்கிறதா என்று பார்க்க அது சரி. ஆனால் அதில் தெரியும் எலும்பு முள்ளை (குதிகால் எலும்பில் முள்போல நீண்டிருக்கும் வளர்ச்சி) வைத்து முடிவுகட்டக் கூடாது. வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் உண்டு.

காலையில் முதல் அடி வைக்கும்போது குத்துகிற வலி என்றால் அல்ட்ராசவுண்ட்தான் அதிகம் சொல்லும். குப்புறப் படுக்கவைத்து, பாதத்தைக் கட்டில் விளிம்புக்கு வெளியே விட்டு, பாதச் சவ்வு (உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல்கள் பக்கம் ஓடும் கெட்டியான பட்டை) குதிகால் எலும்பில் சேருமிடத்தில் தடிமனை அளக்க வேண்டும். 4 மி.மீ.க்கு மேல் தடித்து, படத்தில் கறுப்பாகத் தெரிந்தால் பெரும்பாலும் சவ்வு அழற்சிதான். புரோப் (தோலில் வைத்துப் பார்க்கும் கருவி) சற்றே சாய்ந்தாலும் நல்ல சவ்வுகூடக் கறுப்பாகத் தெரியும். செங்குத்தாகப் பிடித்து, வலியில்லாத காலையும் அளந்து ஒப்பிடுங்கள்.

எலும்பின் ஆரம்பநிலை அழுத்த முறிவு (திரும்பத் திரும்ப விழும் பளுவால் வரும் நுண்ணிய விரிசல்) இரண்டிலுமே தப்பிவிடலாம். குதிகாலை இருபக்கமும் அழுத்தினால் வலிக்கிறதா? எம்ஆர்ஐ எடுங்கள்.