லேசிக்குக்கு முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்: பகலில் 6/6, இருட்டினால் வண்டி ஓட்ட முடியவில்லை

கண்ணாடியைக் கழற்றிவிட லேசர் செய்துகொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், அதிலும் ராத்திரியில் வண்டி ஓட்ட வேண்டியவர்கள், தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். நான் இதற்குக் கொட்டிக் கொடுத்தது என் நான்கு மாதச் சம்பளம். கோபத்தில் எழுதுகிறேன், முன்னும் பின்னுமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். என்னென்ன கேட்க வேண்டும், எதைச் சரிபார்க்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

எந்த இடம் என்று கேட்காதீர்கள். பல கிளைகள் வைத்து, எங்கே திரும்பினாலும் விளம்பரம் கண்ணில் படுமே, அந்த மாதிரி ஒரு லேசர் மையம். அவ்வளவுதான் சொல்வேன். புகார் கொடுக்கப் போகிறேன், அதனால் பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் ஏழரை. பள்ளிக்கூடத்திலிருந்தே சோடாபுட்டி. இதைச் செய்துகொள்ள வேண்டும் என்ற ஆசை வெகுநாளாக இருந்தது. என் வேலை முடிய ராத்திரி ஆகிவிடும், நானேதான் வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்புவேன். அதனால் போன முதல் நாளே நான் கேட்ட ஒரே கேள்வி, ராத்திரிப் பார்வை என்ன ஆகும் என்பதுதான். வேறு எதையும் நான் இவ்வளவு அழுத்திக் கேட்கவில்லை.

அங்கே முதலில் உட்காரவைத்துப் பேசியது டாக்டர் இல்லை, ஆலோசகர் என்று ஒரு பெண். ஏகப்பட்ட இயந்திரங்களில் முகவாயை வைக்கச் சொல்லி அளவெடுத்தார்கள். அதில் ஒன்று இருட்டு அறையில் எடுத்தது. எதற்கு என்று கேட்டேன், "எல்லாருக்கும் எடுக்கிறதுதான் மேடம்" என்றார். அப்புறம் மூன்று விலையில் மூன்று வகை, இன்றைக்கே முன்பணம் கட்டினால் சலுகை என்று ஆரம்பித்தார். நான் எழுந்து வந்திருப்பேன். டாக்டரைப் பார்க்காமல் கட்ட மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் உள்ளே அனுப்பினார்கள்.

அந்த டாக்டரைப் பற்றித்தான் எழுத வேண்டும். வயதானவர், அமைதியான குரல். என் ரிப்போர்ட்டை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். நான் என் கேள்வியைக் கேட்டேன்: "டாக்டர், நான் தினமும் ராத்திரி வண்டி ஓட்டணும். பார்வையில ஏதாவது பாதிப்பு வருமா?" அவர் ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்: "கொஞ்ச நாளைக்கு லைட்டைச் சுத்தி வட்டம் தெரியும்மா. ஒரு மாசத்துல போயிடும். என் கூடப்பிறந்த தங்கச்சிக்கே நான்தான் பண்ணினேன், அவளும் ராத்திரியில கார் ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கா. நீங்க எதுக்குப் பயப்படறீங்க?"

தன் தங்கையின் கண்ணையே சாட்சியாக வைத்துப் பேசுகிற மனிதரை யார்தான் நம்ப மாட்டார்கள்? அங்கேயே என் பயம் போய்விட்டது. வெளியே வந்து முன்பணம் கட்டினேன். நான்கு மாதச் சம்பளம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேனே, அதில் முதல் தவணை அந்த ஒரு வாக்கியத்துக்காகக் கட்டியது. அவர் மூடி வைத்த அந்த ரிப்போர்ட்டில் என்ன இருந்தது என்று பின்னால் வருகிறேன்.

ஒப்புதல் படிவம் கொடுத்தது அறுவை அன்று, பச்சை அங்கி மாட்டி வரிசையில் உட்காரவைத்த பிறகு. பக்கம் பக்கமாகப் பொடி எழுத்து. "இங்க, இங்க, இங்க" என்று விரல் வைத்த இடத்தில் எல்லாம் கையெழுத்து. கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்ட பிறகு மைனஸ் ஏழரைக்காரியிடம் பொடி எழுத்தை நீட்டுவது எப்படிப்பட்ட செயல் என்று நீங்களே சொல்லுங்கள்.

அறுவை சில நிமிடம்தான், வலி இல்லை. மறுநாள் எழுத்துப் பலகையில் கடைசி வரிசை வரை படித்தேன், 6/6, அதாவது முழுப் பார்வை என்றார்கள். எல்லோரும் பாராட்டினார்கள், நானும் சந்தோஷப்பட்டேன், அதை மறைக்க மாட்டேன்.

இருட்டிய பிறகுதான் தெரிந்தது. தெருவிளக்கு ஒவ்வொன்றும் கதிர்கதிராகச் சிதறிக் கிடந்தது, அதைச் சுற்றி ஒரு மங்கல் வட்டம். எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் எண்ணெய்க் கை பட்ட கண்ணாடியில் விழுந்தது போல ரோடு முழுவதும் பரவியது. சிவப்பு சிக்னலுக்குக் கீழே இன்னொரு சிவப்பு நிழல். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கறுப்புச் சட்டை போட்டு ரோட்டைக் கடந்த ஒருவர் எனக்குத் தெரியவே இல்லை. பக்கத்தில் இருந்த என் கணவர் கத்தியதால் பிரேக் போட்டேன். ஒரு மனிதர் மேல் ஏற்றியிருப்பேன். அன்றோடு ராத்திரியில் வண்டியை எடுப்பதை நிறுத்திவிட்டேன்.

ஒரு மாதம் பொறுத்தேன், டாக்டர் சொன்ன கணக்கு அதுதானே. அந்த வட்டம் போகவில்லை. திரும்ப அந்த மையத்துக்கே போனேன். "மூணு மாசம் ஆகும் மேடம்" என்றார்கள். மூன்று மாதம் கழித்து, கண் உலர்ந்திருக்கிறது, அதனால்தான் என்று சொட்டு மருந்து. கார்னியாவின் (கண்ணின் முன்பக்கம் உள்ள தெளிவான படலம்) நரம்புகளை வெட்டுவதால் கண் உலர்வது உண்மைதான், உலர்ந்தால் மங்கும் என்பதும் உண்மைதான், ஆனால் பாட்டில் பாட்டிலாக விட்டும் அந்த வட்டம் அசையவில்லை. அடுத்து, ஆறு மாதம். அதற்கடுத்து, "மூளை பழகிக்கும்". ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர். தங்கச்சி கதை சொன்னவரைக் கேட்டால் வேறு கிளைக்கு மாறிவிட்டார் என்கிறார்கள். தொலைபேசியில் திருப்பிக் கூப்பிடுகிறோம் என்பார்கள், கூப்பிட மாட்டார்கள். கடைசியில் ஓர் இளம் டாக்டர் எரிச்சலோடு, "உங்களுக்கு 6/6 தெரியுது. இதுக்கு மேல என்ன வேணும்?" என்று கேட்டார்.

இந்த 6/6 பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த எழுத்துப் பலகை 1862இல் ஸ்னெல்லன் என்ற டச்சுக் கண் மருத்துவர் கொண்டுவந்தது. வெள்ளையில் கன்னங்கரேல் என்று எழுத்து, நல்ல வெளிச்சம். அதில் கண்பாவை சுருங்கித்தான் இருக்கும். மங்கலான வெளிச்சத்தில் சாம்பல் நிற ரோட்டில் கறுப்புச் சட்டைக்காரரைப் பிரித்துப் பார்க்கும் திறன் அதில் அளக்கப்படுவதே இல்லை. அதற்குத் தனிப் பரிசோதனை இருக்கிறது. இவர்கள் எனக்கு அதை முன்னும் செய்யவில்லை, பின்னும் செய்யவில்லை. இழந்ததை அளக்கவே அளக்காமல் ஒன்றும் இழக்கவில்லை என்கிறார்கள்.

எனக்கு என்ன நடந்தது என்று புரியவைத்தது வெளியே போய்ப் பார்த்த வேறொரு கண் மருத்துவர். ஒரு தாளில் வட்டத்துக்குள் வட்டம் வரைந்தார். லேசிக்கில் கார்னியாவின் மேலே ஒரு மெல்லிய படலத்தை வெட்டித் திருப்பிவிட்டு, அடியில் உள்ள திசுவை லேசரால் செதுக்குகிறார்கள். பவர் முழுமையாகத் திருத்தப்படுவது நடுவில் உள்ள ஒரு வட்டத்தில்தான், பெரும்பாலும் 6 அல்லது 6.5 மில்லிமீட்டர். இருட்டில் சிலருக்குக் கண்பாவை 7, 8 மில்லிமீட்டர் வரை விரியும். அப்போது திருத்திய வட்டத்துக்கு வெளியே உள்ள ஓரத்தின் வழியாகவும் வெளிச்சம் நுழைந்து வேறு மாதிரி வளைந்து விழும். அந்தச் சிதறல்தான் நான் பார்ப்பது. வட்டத்தை அகலமாக எடுக்கலாமே என்றால், அகலம் கூடக் கூட ஆழமும் கூடும். 6 மில்லிமீட்டர் வட்டத்தில் ஒரு டையாப்டர் பவருக்குச் சுமார் 12 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆழம் போகும், 7 மில்லிமீட்டர் என்றால் சுமார் 16. எனக்கு ஏழரை டையாப்டர், பெருக்கிப் பாருங்கள். கார்னியாவே அரை மில்லிமீட்டர் சொச்சம்தான், அடியில் போதிய கனம் விட்டுவைக்காவிட்டால் பிதுங்கிவிடும் ஆபத்து.

நியாயமாக ஒன்றைச் சொல்கிறேன். கண்பாவையின் அளவு மட்டுமே காரணமா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது என்று அவரே சொன்னார். பவர் அதிகமாக இருப்பதும், செதுக்கிய பிறகு கார்னியாவின் வளைவு மாறிப்போவதும் சேர்ந்துதான் இப்படி ஆகிறது, பெரிய கண்பாவை உள்ள பலருக்கு ஒன்றும் ஆகாமலும் இருக்கிறது. சரி. ஆனால் என் விஷயத்தில் எல்லாம் சேர்ந்து இருந்தது, அது அவர்களுக்குத் தெரியும். அதுதான் என் ஆத்திரம்.

எப்படித் தெரியும் என்கிறேன் என்றால், என் ஃபைலின் நகலை இந்த வாரம்தான் வாங்கினேன். அதைக் கொடுக்கவே எழுதிக் கொடு, மேலாளர் இல்லை, நாளைக்கு வா என்று இழுத்தடித்தார்கள். இருட்டு அறையில் எடுத்த அளவு அதில் தெளிவாக இருக்கிறது: கண்பாவை 7.8 மில்லிமீட்டர். செதுக்கிய வட்டம் 6. அந்தப் பெரியவர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தது இதைத்தான். பார்த்து, மூடி வைத்து, தங்கச்சி கதை சொன்னார். "உங்க பவருக்கும் கண்பாவைக்கும் ராத்திரிப் பார்வை கெட வாய்ப்பு கூடுதல்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் நான் கண்ணாடியோடு நிம்மதியாக இருந்திருப்பேன்.

இது அபூர்வமான விஷயமும் இல்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கடற்படை ஆட்களிடமும் பொதுமக்களிடமும் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. அறுவைக்கு முன் பார்வைத் தொந்தரவு எதுவுமே இல்லாதவர்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள், மூன்று மாதம் கழித்து ஏதாவது ஒரு புதிய தொந்தரவு இருக்கிறது என்றார்கள். அதிகம் வந்தது இந்த ஒளிவட்டம்தான். அன்றாட வேலையே செய்ய முடியாத அளவுக்கு அவதிப்பட்டவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு, பெரும்பாலானவர்களுக்குத் திருப்தி என்றும் அதே ஆய்வு சொல்கிறது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் அந்த ஒரு சதவீதத்தில் விழுந்தவளுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டாமா? ராத்திரி வேலைக்கு நான் ஓட்டிப் போக முடியாமல் பகல் வேலைக்கு மாற்றிக் கேட்டு, அதற்கான படியும் போய்விட்டது. நான்கு மாதச் சம்பளம் என்பது அவர்களுக்குக் கட்டியது மட்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். கிடையாது, "நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க". வேண்டுமானால் இரண்டாவது முறை லேசர் செய்து பார்க்கலாம், அதில் தள்ளுபடி உண்டாம்! என் கார்னியாவில் இன்னும் எடுக்க எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்றுவரை பதில் இல்லை.

என்ன செய்வது என்று விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இருட்டில் உங்கள் கண்பாவை எவ்வளவு, செதுக்கப்போகும் வட்டம் எவ்வளவு, இரண்டையும் எழுதி வாங்குங்கள். படிவத்தை முந்தைய நாளே வீட்டுக்கு வாங்கி வந்து படியுங்கள், தர மாட்டோம் என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். பவர் மைனஸ் ஆறுக்கு மேல் என்றால் சம்பந்தமில்லாத இன்னொரு கண் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். வாய்வார்த்தையை நம்பாதீர்கள், யார் தங்கச்சிக்குச் செய்திருந்தாலும் சரி.

ஏற்கெனவே செய்துகொண்டு என்னைப் போல அவதிப்படுபவர்களுக்கு: ராத்திரியில் கண்பாவையைச் சுருக்கிவைக்கும் சொட்டு மருந்துகள் இருக்கின்றன, உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக வாங்கி விடாதீர்கள். எனக்கு ஓரளவு குறைந்திருக்கிறது, வண்டி ஓட்டும் அளவுக்கு இல்லை. மருத்துவ கவுன்சிலுக்கும் நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் புகார் தயாராகிக்கொண்டிருக்கிறது. இதேபோல இருட்டில் அளவெடுத்துவிட்டு உங்களிடம் சொல்லாமல் மறைத்திருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே போகலாம்.