ட்ரேயில் நானே வைத்த ஐகான்: 4 ஆண்டுகளுக்குப் பிறகு

பேக்கப் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று காட்டும் ஐகான் ஒன்றை லினக்ஸின் சிஸ்டம் ட்ரேயில் (திரை மூலையில் சிறு ஐகான்கள் நிற்கும் இடம்) சொந்தமாக வைத்துக்கொள்ளலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். 4 ஆண்டுகளாக அப்படி ஒன்றைக் கட்டி மேய்ப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதல் ஐகானை, ஸ்கிரிப்ட்டிலிருந்தே உரையாடல் பெட்டிகளும் ட்ரே ஐகான்களும் காட்ட உதவும் யாட் (yad) கருவியைக் கொண்டு, பாஷ் (bash) என்ற கட்டளை மொழியில் எழுதினேன். மெனுவின் ஒவ்வோர் உருப்படியிலும் பெயருக்கும் கட்டளைக்கும் நடுவே ஓர் ஆச்சரியக்குறி, உருப்படிகளுக்கு இடையே ஒரு செங்குத்துக் கோடு (|). யாட் படித்துக்கொண்டிருக்கும் பைப்பில் (ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்கு உரை அனுப்பும் வழி) ஒரு வரி எழுதினால் ஐகான் மாறிவிடும். அந்த எளிமையை இன்றுவரை வேறெதிலும் நான் காணவில்லை.

திரையில் விண்டோக்களைக் காட்டும் பழைய எக்ஸ்11 முறையை விட்டு அதன் புதிய மாற்றான வேலண்டுக்கு மாறிய அன்று அது காணாமல் போயிற்று. யாட் நம்பியிருந்த எக்ஸ்எம்பெட் முறையில் ஐகான் என்பது பேனலுக்குள் (ட்ரே அமைந்திருக்கும் பட்டை) செருகப்படும் ஒரு குட்டி விண்டோ. ஒரு நிரல் தன் விண்டோவை இன்னொன்றுக்குள் அப்படிச் செருகுவதற்கு வேலண்டில் இடமில்லை. க்னோம் என்ற டெஸ்க்டாப் சூழலோ 2017இல் வந்த 3.26 பதிப்பிலேயே பழைய ட்ரேயைக் கைவிட்டிருந்தது என்பதால், முன்னறிவிப்பு இல்லை என்று நான் புலம்புவது நியாயமாகாது.

பைத்தான் மொழியிலும், ட்ரே ஐகான்களுக்கான அயதனா ஆப்இண்டிகேட்டர் என்ற லைப்ரரியிலுமாக (பிற நிரல்கள் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு) மறுபடி எழுதினேன். இது நிரல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் டிபஸ் வழியே பேசுவதால், கேடிஈ பிளாஸ்மா என்ற இன்னொரு டெஸ்க்டாப்பில் நேரடியாகவும், க்னோமில் ஓர் எக்ஸ்டென்ஷன் துணையுடனும் வேலை செய்கிறது. ஆனால் விழுக்காட்டை எண்ணாக வரைந்து ஒரே பிஎன்ஜி படக் கோப்பின் மேல் எழுதிக்கொண்டே இருந்தேன். பேக்கப் முடிந்த பிறகும் ட்ரேயில் 12 என்றே நின்றது. கோப்பைத் திறந்தால் 100, ட்ரேயில் 12. இரண்டு மாலைப்பொழுதுகள் வீணான பின்புதான் காரணம் பிடிபட்டது: அந்த லைப்ரரி படத்தைப் பார்ப்பதில்லை, பெயரை மட்டுமே ஒப்பிடுகிறது, பெயர் மாறாவிட்டால் ஐகான் மாறியதாகப் பேனலுக்குச் சொல்வதே இல்லை. இப்போது இரண்டு கோப்புப் பெயர்களை மாற்றி மாற்றிக் கொடுக்கிறேன். இவ்வளவு அசட்டுத்தனமான ஒரு வரியை என் நிரலில் வேறெங்கும் நான் எழுதியதில்லை. இடது கிளிக்குக்குத் தனி வேலை கொடுக்க முடியாததும், மவுஸை மேலே வைத்தால் குறிப்பு காட்டும் டூல்டிப் அப்போது இல்லாததும் இதற்கு முன்னால் சிறு குறைகளே.

சென்ற மாதம் பேக்கப் போய்ச் சேரும் வெளி வட்டு மவுண்ட் ஆகாத (கணினியோடு இணையாத) நாளில் ஐகான் சிவப்பானதால்தான் விஷயமே எனக்குத் தெரிந்தது. அது இல்லாதிருந்தால் வாரக்கணக்கில் பேக்கப் இல்லாமலே இருந்திருப்பேன். இருந்தும் நண்பருக்கு வேண்டாம் என்றே எழுதினேன்: டெர்மினலில் ஒரு கட்டளை அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள், போதும். எழுதத் தொடங்கியபோது மூலையில் 64 என்றிருந்தது. அனுப்பி முடித்தபோது 71.