புதுசா வந்த காசுக்கு முதல்ல என்ன பண்ணணும்: புளியா, ஆலிவ் ஆயிலா, அசிட்டோனா, சும்மா விடறதா?

பழைய காசு ஒன்னு கைக்கு வந்ததும் நம்ம வீடுகள்ல முதல்ல வர்ற ஆசை அதைப் பளபளன்னு ஆக்கிடணும்ங்கறதுதான், செம்புன்னா புளி, வெள்ளின்னா விபூதி, குடத்துக்கும் டம்ளருக்கும் பண்றதை அப்படியே காசுக்கும் பண்ணிடறோம். தயவுசெஞ்சு பண்ணாதீங்க. முதல் அரைமணி நேரத்துல நீங்க பண்றதுதான் அந்தக் காசு இன்னும் நூறு வருஷம் நல்லா இருக்குமா இல்லையாங்கறத முடிவு பண்ணுது.

கழுவறதுக்கு முன்னாடி அசலா போலியான்னு செக் பண்றது. இதுல மூணு வழி இருக்கு. பெரியவங்க கல்லு மேல சுண்டிப் பாத்து சத்தத்த கேப்பாங்க, காது பழகினவங்களுக்கு அது சொல்லும்தான், ஆனா விளிம்புல ஒரு அடி விழுந்துட்டா போச்சு. காந்தம் வச்சுப் பாக்கலாம், இரும்பு கலந்த போலிய மட்டும்தான் பிடிக்கும், ஈயமோ பித்தளையோ ஒட்டவே ஒட்டாது. என் ஓட்டு 0.01 கிராம் வரைக்கும் காட்டற சின்னத் தராசுக்குத்தான், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. விக்டோரியா காலத்து வெள்ளி ரூபாய் 11.66 கிராம், அதாவது சரியா ஒரு தோலா, தேய்ஞ்சதுன்னா கொஞ்சம் குறையும், ஆனா 10.5 காட்டுச்சுன்னா எனக்கு சந்தேகம் வந்துடும். ஒன்னு மட்டும் ஞாபகம் வைங்க, 1940லேர்ந்து ரூபாய்ல வெள்ளிய 50 சதவீதமா குறைச்சப்பவும் எடை அதே 11.66தான், அதனால ஆறாம் ஜார்ஜ் ரூபாய்க்கு எடைய மட்டும் நம்பிடாதீங்க.

இப்போ கழுவறது. புளியில இருக்கற அமிலம் களிம்ப மட்டும் எடுக்காது, மேல காலங்காலமா படிஞ்ச பழுப்பு நிறத்தையும் சேத்து உரிச்சுடும், காசு ஒரு மாதிரி வெளிறின ரோஸ் கலர்ல வந்து நிக்கும், கொஞ்ச நாள்ல திட்டுத்திட்டா கறுக்கும். விபூதி அதைவிட மோசம். விரல வச்சு வட்டமா தேய்ப்போம் இல்லையா, லென்ஸ்ல பாத்தா ராணியோட கன்னத்துல அந்த வட்டம் மயிரிழைக் கீறலா அப்படியே தெரியும், வெளிச்சத்துல சாய்ச்சுத் திருப்பினா பளிச்னு தெரியும், திரும்ப சரி பண்ணவே முடியாது. 1862ன்னு போட்ட ரூபாய அதே வருஷத்தோட 1874 வரைக்கும் அடிச்சிருக்காங்க, நிஜமா எந்த வருஷத்து காசுன்னு கண்டுபிடிக்க உதவறது அதுல இருக்கற குட்டிக் குட்டிப் புள்ளிகள்தான். தேய்ச்சுத் தேய்ச்சு அது மழுங்கிட்டா அந்த காசோட கதையே போயிடுது, எனக்கு அதை நினைச்சாலே வயிறு எரியும்.

ஆலிவ் ஆயில்ல ஊறப்போடறவங்க நிறைய பேர். மண்ணு இறுகின பழைய செப்புக் காசுக்கு, சோழர் காசு மாதிரி, மெதுவா வேலை செய்யும், ஆனா வாரக்கணக்குல ஆகும், நிறமும் கறுத்துடும், அப்புறம் அந்த எண்ணெய எடுக்கறது தனி வேலை. டிஸ்டில்டு வாட்டர் எனக்கு ரொம்ப பிடிச்சது, பேட்டரிக்கு ஊத்தறதுக்குன்னு விக்கறதே போதும், ராத்திரி போட்டு காலைல தண்ணிய மாத்துங்க, மண்ணு தானா இளகும். போர் தண்ணி வேண்டாம், அதுல இருக்கற உப்பு செம்புக்கு ஆகாது.

அசிட்டோன், அதாவது பசையக் கரைக்கற திரவம், எப்போன்னா, பிளாஸ்டிக்லேர்ந்து காசுல பிசுக்கு ஒட்டியிருந்தா மட்டும். முன்னாடி ஒரு கடைல விலை கம்மியா இருக்கேன்னு வாங்கின பிவிசிங்கற பிளாஸ்டிக்ல செஞ்ச ஆல்பத்துல என் காலணா காசுங்கள நாலு வருஷம் வச்சிருந்தேன், வெளிய எடுத்தா விரல்ல பச்சையா பிசுபிசுன்னு ஒட்டுது. பிவிசி மெல்ல மெல்ல அமிலத்த கக்கி செம்பை அரிச்சிருக்கு. சுத்தமான அசிட்டோன கண்ணாடிப் பாத்திரத்துல ஊத்தி முக்கி எடுத்ததும் பசை கரைஞ்சு போச்சு, ஆனா அரிச்ச குழி அரிச்சதுதான். வாசனை, கலர் சேத்த நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், ஜன்னல தொறந்து வைங்க, அடுப்போ விளக்கோ பக்கத்துல இருக்கவே கூடாது.

செப்புக் காசுல வெளிறின பச்சையா பொடி உதிர்ந்தா அது உப்புல இருக்கற குளோரைடு பண்ற வேலை, ஈரம் படாம தனியா வைங்க. இது எதுவுமே இல்லாம நல்லா இருக்கற காசுன்னா சும்மா விடறதுதான் ஜெயிக்குது, என்கிட்ட வர்றதுல பெரும்பாலானதுக்கு நான் பண்றதும் அதான்.

வைக்கறதுக்கு மைலார்ங்கற பிவிசி இல்லாத கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்ல ஜன்னல் வச்ச டூ பை டூ அட்டை (ரெண்டு இன்ச் சதுரத்துல மடிச்சு ஸ்டேப்பிள் பண்றது) போதும், ஸ்டேப்ளர் பின்ன மட்டும் குறடால தட்டையா அழுத்திடுங்க, இல்லாட்டி பக்கத்து காச கீறும். கேப்ஸ்யூல், அதாவது காசு அளவு வட்ட பிளாஸ்டிக் டப்பி, அழகா இருக்கும், ஆனா அளவு சரியா இருக்கணும், உள்ள லொடலொடன்னு ஆடினா பிரயோஜனமில்ல. கூடவே சிலிகா ஜெல் ஒரு பாக்கெட், சென்னை மாதிரி ஊருக்கு அது கட்டாயம்.

பதிவுக்கு எக்செல்லோ நோட்டோ உங்க இஷ்டம், தேடறதுக்கு எக்செல் சுளுவு. நான் அட்டைக்குப் பின்னாடி, காச உள்ள வைக்கறதுக்கு முன்னாடியே, எடை, வாங்கின தேதி, யார்கிட்டன்னு பென்சில்ல எழுதிடுவேன்.