நந்திமலை ஏறும் எஃகுச் சைக்கிள்: பத்தாண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

பெங்களூரில் நல்ல சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எடை எவ்வளவு என்பதைத்தான். என்னுடையது கேரியர், மட்கார்டு, ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்து 15 கிலோவைத் தாண்டும். குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த) எஃகுச் சட்டம், 38 மில்லிமீட்டர் டயர், முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் எட்டு. பத்து ஆண்டுகளுக்கு மேலாக அல்சூரிலிருந்து அலுவலகத்துக்கும், வாய்த்த ஞாயிறுகளில் நந்திமலைக்கும், ஆண்டுக்கொரு முறை நிதி திரட்டும் பயணத்துக்கும் இதைத்தான் மிதிக்கிறேன்.

நான் புதுக்கோட்டைக்காரி. 1990-களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, எழுத்தறிவு புகட்டிய அறிவொளி இயக்கத்தார் ஊர் ஊராகப் பெண்களுக்குச் சைக்கிள் பழக்கினார்கள். அப்போது நான் குரங்குப் பெடல் போடும் வயது. லேடீஸ் சைக்கிள் போதாமல் பலரும் ஆண்கள் வண்டியிலேயே கற்றார்கள். முன்கம்பியில் பிள்ளை, கேரியரில் தண்ணீர்க் குடம் என்று போன அத்தைகளைப் பார்த்து வளர்ந்ததால், சுமை தாங்காத சைக்கிள் எனக்குச் சைக்கிளாகவே தோன்றுவதில்லை. இந்த ஒருசார்பைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

முதலில் ஏற்றம். நந்திமலை உச்சி 1,478 மீட்டர்; பெங்களூரே 900 மீட்டருக்கு மேல்தான் இருக்கிறது என்றாலும், அடிவாரத்திலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதை முழங்காலைக் கேள்வி கேட்கும். முன்னால் 26 பல், பின்னால் 32 பல் என்று கியரை இறக்கினால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றியும் பின்சக்கரம் முழுச் சுற்றை முடிக்காது. நடக்கிற வேகம்தான், ஆனால் இறங்கித் தள்ள வேண்டியதில்லை. கார்பன் சைக்கிள் பிள்ளைகள் "ஆன்ட்டி, வருகிறோம்" என்று சொல்லிப் பறந்துவிடுவார்கள். பறக்கட்டும்.

குறையென்றால் பின்சக்கரம். முதல் ஆண்டிலேயே கம்பிகள் ஒவ்வொன்றாக முறிந்தன, அதுவும் செயின் பக்கமே. பல்சக்கரங்களுக்கு இடம் விடுவதற்காக ரிம்மை அந்தப் பக்கமாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஆகவே மறுபக்கத்தைவிட அந்தக் கம்பிகள் மேல்தான் இழுவிசை அதிகம். விற்ற கடைக்காரர் "சுமை அதிகம் மேடம்" என்று கையை விரித்தார். சுமைக்கென்றே விற்ற வண்டி! அல்சூர்ச் சந்தில் கடை வைத்திருக்கும் வேலூர்க்கார மெக்கானிக் 36 கம்பி ரிம் வாங்கிவரச் சொல்லி, கையாலேயே பின்னி, கோட்டம் எடுத்துக் கொடுத்தார். பிறகு இன்றுவரை ஒரு கம்பியும் போகவில்லை.

செயின் பார்க்கும் வித்தையும் அவரிடம் கற்றதுதான். ஓர் இணைப்பு அரை அங்குலம், 24 இணைப்புக்குச் சரியாக 12 அங்குலம். இரும்பு ஸ்கேலை ஒரு பின்னின் நடுவில் வைத்துப் பார்க்க வேண்டும். மறுமுனைப் பின் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளிப்போயிருந்தால் செயினை மாற்ற வேண்டியதுதான். "எட்டில் ஒரு பங்கு வரைக்கும் விட்டீர்கள் என்றால் பல்சக்கரமும் சேர்ந்து போய்விடும் அக்கா" என்பார். மழைக்காலச் சேற்றில் பெங்களூர்ச் சாலைகள் செயினைத் தின்பது வேகம். டிஸ்க் பிரேக் கட்டைகளும் அப்படியே. ப்ரூக்ஸ் தோல் சீட் முதல் சில மாதம் வதைத்தது, இப்போது அதைவிட்டு வேறெதிலும் உட்கார முடிவதில்லை. நனையவிடக் கூடாது, அவ்வளவுதான்.

நிதிப் பயணம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நாங்கள் சிலர் ஒசூர் வழியாகக் கிருஷ்ணகிரி வரை, ஏறக்குறைய 90 கிலோமீட்டர், போவோம். சொந்தக்காரர்களும் அலுவலக நண்பர்களும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொள்வார்கள். என் சித்தப்பா பத்து ரூபாய் என்று பேசிவிட்டு, "கிருஷ்ணகிரியோடு நில் தாயி, சேலம் போய்விடாதே" என்று தவறாமல் போன் செய்வார். சேரும் பணத்தில் ஆறாம் வகுப்புக்கு அடுத்த ஊருக்கு நடக்கும் சிறுமிகளுக்குச் சைக்கிள் வாங்குகிறோம். பதக்கம், சட்டை, மேடை எதுவும் கிடையாது. பெரிய நிகழ்ச்சிகளில் கட்டும் கட்டணத்தில் எவ்வளவு அறப்பணிக்குப் போகிறது, எவ்வளவு சட்டைக்குப் போகிறது என்று கேட்டுவிட்டுப் பெயர் கொடுப்பது நல்லது. கேட்டால் முகம் சுளிப்பவர்களிடம் நான் பணம் கட்டுவதில்லை.

நிதிப் பயணத்தன்றைக்குத்தான் இந்த எடையின் அருமை தெரியும். ட்யூப்புகள், பம்ப், மருந்துப்பெட்டி, பின்தங்கியவரின் பை, எல்லாம் என் கேரியரில்தான். அவ்வளவு ஏற்றியும் இறக்கத்தில் ஹேண்டில் ஆடாது.

நகருக்குள் பத்து கிலோமீட்டர் போய்வருபவருக்கு இது தேவையில்லை. பாதி விலையில் சாதாரண ஹைப்ரிட் (சாலைக்கும் கரட்டுப் பாதைக்கும் பொதுவான சைக்கிள்) போதும். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் குடியிருப்பவர் இந்தப் பக்கமே வர வேண்டாம். மற்றவர்கள் வாங்கலாம், ஆனால் பின்சக்கரத்தைக் கழற்றி ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு முதல் சவாரியைத் தொடங்குங்கள்.